எதை மாத்துனாலும் டேங்க் இன்னும் மோசமாவுது: அடுத்து சில்லர் வாங்கவா, சம்ப் போடவா, இல்ல நாலடிக்கு போய்டவா?

மஞ்சக்குப்பம்_ரீஃப் | மே 9, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கி தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போவும் பொறுத்துக்கோங்க. கடலூர் மஞ்சக்குப்பம், மாடி வூடு, ஹால்ல மூணடி கடல் தண்ணி மீன் டேங்க், பவளமும் இருக்கு. 3க்கு 1.5க்கு 1.5. கல்லு மணலு போக ஒரு 160 லிட்டர் தண்ணி நிக்கும். சம்ப் (டேங்க்குக்கு கீழ வெக்கற ஃபில்டர் தொட்டி) கிடையாது, பின்னாடி மாட்டுற ஸ்கிம்மர் (அழுக்க நுரையா பிரிச்சி எடுக்கறது), ரெண்டு வேவ்மேக்கர் (தண்ணிய அலை மாதிரி தள்ளற பம்ப்). ஓடி 14 மாசம் ஆவுது. ரெண்டு க்ளவுன் மீன், ஒரு பிளெனி மீன், ஒரு க்ளீனர் இறால், டர்போ நத்தை ஆறு இருந்துச்சு இப்ப நாலு. பவளம்னா எல்லாம் சாஃப்ட் தான், ஜோவா நாலு கொத்து, மஷ்ரூம், அப்புறம் ஒரு டோட்ஸ்டூல் லெதர், அது தான் வூட்டுக்கு வர்றவங்க எல்லாம் "இது என்ன காளானா"ன்னு கேக்கறது.

மொத வருஷம் ஒரு பிரச்சனையும் இல்ல, நெஜமாவே. அழகா இருந்துச்சு. பொங்கலுக்கு போனஸ் வந்துச்சு, அங்க தான் ஆரம்பிச்சிது. ஜனவரி கடைசில பழைய லைட்ட தூக்கிட்டு புது எல்இடி மாட்டுனேன். பிப்ரவரில பின் கண்ணாடில முடி மாதிரி பச்சை பாசி வந்துச்சு, உடனே மார்ச்ல ஜிஎஃப்ஓ ரியாக்டர் (பாஸ்பேட்ட உறிஞ்சற இரும்பு துகள் போட்ட குழாய்) வாங்கி போட்டேன், தீனியும் பாதியா கொறைச்சேன். ஏப்ரல்ல சென்னை கொளத்தூர் மீன் கடைங்க பக்கம் போனப்ப கடைக்காரர் நீங்க இன்னும் சாதா உப்பா போடுறீங்கன்னு கேட்டார், வெக்கமா போச்சு, ரீஃப் உப்பு (பவளத்துக்குன்னு கால்சியம் எல்லாம் தூக்கலா போட்ட கடல் உப்பு) ஒரு பக்கெட் தூக்கிட்டு வந்துட்டேன்.

இப்ப நெலவரம். லெதர் பத்து நாளா மூடிட்டு மேல மெழுகு தடவுன மாதிரி பளபளன்னு கெடக்கு. ஜோவா ரெண்டு கொத்து தெறக்கவே இல்ல, ஒன்னு கரைஞ்சே போச்சு. பச்சை பாசி போச்சு ஆனா மணல் மேல காபி கலர்ல சளி மாதிரி ஒன்னு, நூல் நூலா, நுனில காத்து குமிழி. காலைல பாத்தா மணல் சுத்தமா இருக்கு, மத்தியானம் திரும்ப வந்து உக்காந்துக்குது. நத்தை ரெண்டு செத்துச்சு.

டெஸ்ட்: உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரத்துல 35 பங்கு (ரீஃப்ராக்டோமீட்டர்ல, வெளிச்சம் வளையறத வெச்சி உப்பு அளக்கற கருவி). ஆல்க் (தண்ணியோட காரத்தன்மை) முன்னாடி 8 டிகேஹெச் இருக்கும், நேத்து 11.2. கால்சியம் 430. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. இந்த ரெண்டுலயாவது ஜெயிச்சிட்டேன்னு நெனைக்கறேன். சூடு விடிகாலைல 27.8, சாயங்காலம் 30.1. க்ளிப் ஃபேன் ஒன்னு தண்ணி மேல ஓடுது. ஆவியாப்போற தண்ணிய ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா கேன் தண்ணிய மக்குல மொண்டு ஊத்திடுவேன்.

சில்லர் கேட்டா முப்பதாயிரம் கிட்ட சொல்றாங்க. வூட்டம்மா "மீனுக்கு ஏசியா, நம்ம ரூம் ஃபேன் மூணு மாசமா கிர்ர்ருன்னு கத்துது அது காதுல வுழலியா"ன்னு கேக்குது. ஒரு தடவ தான் செலவு பண்ண முடியும். எதுல பண்றது சொல்லுங்க.

சுண்டக்கா_டேங்க் | மே 9, இரவு 11:58

ப்ரோ நாலடி போட்டுடுங்க. தண்ணி ஜாஸ்தி ஆனா எல்லாம் ஸ்டெடி ஆயிடும்னு தான் எல்லாரும் சொல்றாங்க. என்கிட்ட 40 லிட்டர் தான் இருக்கு அதனால நான் கனவு மட்டும் காணறேன். அப்புறம் கடலூர்ல இருந்துட்டு உப்பு பக்கெட் வாங்குறீங்களே, தேவனாம்பட்டினம் பீச் எவ்ளோ தூரம், ரெண்டு கேன் மொண்டுட்டு வந்தா முடிஞ்சிது. கல்லு வேணும்னா சொல்லுங்க, ராமேஸ்வரத்துல மாமா பையன் இருக்கான், பவளக்கல்லு மூட்டைல கட்டி பஸ்ல போட்டு விட்டுடுவான்.

குப்பி_குடுவை | மே 10, காலை 6:15

சுண்டக்கா, அந்த கடைசி வரிய மொதல்ல எடுத்துடுப்பா. பாறை கட்டுற பவளம் எல்லாமே 2001லயே வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல ஷெட்யூல் ஒன்னுல வந்தாச்சு, கடல் விசிறியும் அதே லிஸ்ட் தான். புலிக்கு என்ன எடமோ அதுக்கும் அதே எடம். உயிரோட இருக்கறது மட்டும் இல்ல, கரைல செத்து வெள்ளையா கெடக்கற கல்லு கூட எடுக்கக்கூடாது. மாமா பையன வம்புல மாட்டி விடாத. அந்த மன்னார் வளைகுடா பவளம் 2010லயும் 2016லயும் தண்ணி சூடு ஏறி வெளுத்து ஏற்கனவே அடி வாங்குனது, நம்மளும் சேந்து மூட்ட கட்டணுமா. செயற்கையா செஞ்ச காஞ்ச கல்லு கெடைக்குது, நாலு மாசத்துல அதுலயே எல்லாம் குடியேறிடும்.

மஞ்சக்குப்பம் தம்பி, உன் போஸ்ட்ட ரெண்டு தடவ படிச்சேன். நான் புதுச்சேரி லாஸ்பேட்டை, ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுத்து ரிட்டயர் ஆனவ, டேங்க் வெச்சி 11 வருஷம். எனக்கு தோணறது, உனக்கு இப்ப எதுவும் வாங்க வேணாம். ஜனவரி லைட்டு, மார்ச் ரியாக்டர், ஏப்ரல் உப்பு, நடுவுல தீனி பாதி. நாலு மாசத்துல நாலு மாத்தம், எதனால எது ஆச்சுன்னு இப்ப உன்னாலயும் சொல்ல முடியாது என்னாலயும் சொல்ல முடியாது. கிளாஸ்ல பசங்க ஒரே டெஸ்ட் ட்யூப்ல எல்லா பாட்டிலயும் ஊத்திட்டு மிஸ் கலர் மாறிடிச்சின்னு கூப்புடுவாங்க, அந்த ஞாபகம் தான் வருது.

முக்கியமானது ஒன்னு. நைட்ரேட் 0 பாஸ்பேட் 0ன்னா அது ஜெயிச்சது இல்ல. பட்டினி. ஜோவாவும் மஷ்ரூமும் கொஞ்சம் அழுக்கு தண்ணிலயே நல்லா வாழற ஜீவன். ரெண்டும் சுத்தமா வழிச்சி எடுத்துட்டா பச்சை பாசியும் சாவும், கல்லு மேல இருக்கற நல்ல பாக்டீரியாவும் மெலிஞ்சி போவும், அந்த காலி எடத்துல வந்து உக்கார்றது தான் நீ சொல்ற காபி கலர் சளி. ராத்திரி காணாம போயி வெளிச்சம் வந்தா திரும்பி வருதுன்னு நீயே எழுதியிருக்க, குமிழியும் இருக்கு, நத்தையும் சாவுது. டைனோஃப்ளாஜெல்லேட் மாதிரி தான் தெரியுது, அதுல சிலது விஷம், நத்தை மேஞ்சா செத்துடும். தெரிஞ்ச காலேஜ் பசங்க யார்கிட்டயாவது மைக்ரோஸ்கோப் இருந்தா ஒரு சொட்டு வெச்சி பாரு. புளியங்கொட்ட மாதிரி ஒரு பக்கம் கூரா இருக்கறது ஒரே எடத்துல கயிறு கட்டுன மாடு மாதிரி சுத்தி சுத்தி வந்துச்சின்னா ஆஸ்ட்ரியோப்சிஸ், அது ராத்திரில தண்ணில மெதக்கும், யூவி லைட் (கிருமி கொல்ற விளக்கு) வழியா தண்ணி ஓட விட்டா கொறையும். மணல விட்டு நகராத வகைக்கு யூவி வேஸ்ட். அதனால பாக்காம யூவி வாங்கிடாத.

ரியாக்டர இன்னிக்கே கழட்டு. தீனிய பழையபடி போடு. நைட்ரேட் 5 கிட்ட, பாஸ்பேட் 0.05லேந்து 0.1க்குள்ள வரட்டும். சளிய ட்யூப் வெச்சி உறிஞ்சி ஒரு துணில வடிகட்டி அந்த தண்ணியவே திரும்ப ஊத்து, ரெண்டு வாரத்துக்கு தண்ணி மாத்தாத, மாத்துனா அது இன்னும் கொழுக்குது, என் டேங்க்லயே பாத்திருக்கேன்.

லெதர் பத்தி பயப்படாத. அது பாம்பு மாதிரி சட்டை உரிக்கும். பளபளன்னு ஒரு தோல் வரும், மூடிட்டு ஒரு வாரம் ரெண்டு வாரம் கெடக்கும், வேவ்மேக்கர் தண்ணி கொஞ்சம் மேல படற மாதிரி திருப்பி விட்டா தோல் பிச்சிட்டு போயி திரும்ப பூக்கும். கையால சொரண்டாத.

ஒரே ஒரு கேள்வி. ரீஃப்ராக்டோமீட்டர எத வெச்சி செட் பண்ண?

மஞ்சக்குப்பம்_ரீஃப் | மே 10, காலை 8:02

மேடம் ரொம்ப நன்றி, படிச்சதும் ரியாக்டர கழட்டிட்டேன். ரீஃப்ராக்டோமீட்டர் வாங்குனப்ப கேன் தண்ணி ஒரு சொட்டு வெச்சி ஜீரோவுக்கு திருப்புனேன், டப்பால அப்டி தான் போட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் தொடல. தப்பா?

குப்பி_குடுவை | மே 10, காலை 8:20

தப்புன்னு இல்ல, போதாது. கேன் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்பு அளவு) ஜீரோ கெடையாது, அது வேற கத. ஜீரோல சரியா காட்டுறது 35ல சரியா காட்டும்னு உத்தரவாதம் இல்ல. சீப்பா கெடைக்கறதுல பாதி சமையல் உப்பு கரைசலுக்கு செஞ்ச ஸ்கேல், கடல் தண்ணிக்கு செஞ்சது இல்ல. நாம ஓட்டறது 35ல, அப்ப 35லயே தான் செட் பண்ணணும். கடைல 35 பிபிடி கேலிப்ரேஷன் தண்ணி சின்ன பாட்டில்ல விப்பான். இல்லன்னா வூட்லயே செய்யலாம்: கிச்சன் டிஜிட்டல் தராசுல 36.5 கிராம் காஞ்ச தூள் உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணி, மொத்தம் ஒரு கிலோ, நல்லா கரைச்சி மூடி வை. வெளிச்சத்த வளைக்கறதுல இதுவும் 35 பிபிடி கடல் தண்ணியும் ஒன்னு தான். இத வெச்சி பாத்தா 35 காட்டணும். ஞாபகமா, இது மீட்டருக்கு மட்டும், இத எடுத்து டேங்க்ல ஊத்திடாத.

வீராம்பட்டினம்_வலை | மே 10, மதியம் 1:30

கடல் தண்ணி பேச்சு வந்ததால சொல்றேன், நான் கடல் தண்ணி தான் போடறேன் ஆறு வருஷமா, ஆனா சுண்டக்கா சொன்ன மாதிரி பீச்ல நின்னு மொண்டது ஒரு தடவ கூட இல்ல. அலை ஒதுங்கற எடத்துல மணலு, எண்ணெ, சோப்பு, ஊர் சாக்கடை எல்லாம் இருக்கும். கடலூர்னா கெடிலம், உப்பனாறு, தென்பெண்ணை எல்லாம் கடல்ல கலக்கற எடம், முகத்துவாரம் பக்கமே போவாதீங்க, தொழிற்சாலை பக்கம் அதவிட வேணாம். எங்க சித்தப்பா ஃபைபர் போட்ல போறவரு, கரை மங்கலா தெரியற தூரம் போனதும் தண்ணி நீலம் மாறும், அங்க கேன முக்கி எடுத்துட்டு வருவாரு. இப்ப தடைக்காலம், ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் லாஞ்ச் (விசைப்படகு) எதுவும் போவாது, சின்ன போட் தான், அதனால கேட்டு வாங்கறது கொஞ்சம் கஷ்டம்.

கொண்டு வந்த தண்ணிய அப்டியே ஊத்தக்கூடாது. மூடி போட்ட ட்ரம்ல இருட்டுல ஒரு ரெண்டு மூணு வாரம், உள்ள ஒரு பவர்ஹெட் (சின்ன பம்ப்) ஓடட்டும், அடில படியறத விட்டுட்டு மேல்தண்ணிய எடுத்து துணில வடிகட்டி கார்பன் போட்டு, உப்பு அளந்து பாத்து தான் ஊத்தணும். ஐப்பசி கார்த்திகைல கரையோர தண்ணி எடுக்கவே கூடாது, ஆத்து தண்ணி எறங்கி உப்பு பாதியா கெடக்கும், மேல செங்காமட்டி. 2024ல ஃபெங்கல் புயல் நவம்பர் 30 ராத்திரி இங்க கரை தாண்டுச்சே, பாண்டில ஒரே நாள்ல 46 செ.மீ-க்கு மேல ஊத்துச்சு, அதுக்கப்புறம் நான் பொங்கல் வரைக்கும் பக்கெட் உப்பு தான் கரைச்சேன். கவுரவம் பாக்கல.

மொத்தத்துல ஆள் இருந்தா கடல் தண்ணி நல்லது. ஆள் இல்லன்னா பக்கெட் உப்பு தான் நிம்மதி. கிட்ட இருக்குன்னு மட்டும் நெனைச்சி எறங்காதீங்க.

பழைய_துறைமுகம் | மே 10, இரவு 9:10

தம்பி நானும் கடலூர் தான், ஓ.டி. (ஓல்ட் டவுன்). சில்லர் கேட்டியே அதுக்கு வர்றேன். எல்லாரும் தண்ணி கெமிஸ்ட்ரி பேசறீங்க, கரண்ட் போனா என்ன பண்ணுவன்னு ஒருத்தரும் கேக்கல. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் வந்தப்ப எங்கிட்ட ஆறடி டேங்க். புயல் நம்ம தலை மேல தான் கரை ஏறுச்சு. ஜன்னல் கதவு தெறிச்சி தண்ணி உள்ள வருது, வூட்ல எல்லாரும் பாத்திரம் வெச்சி புடிக்கறாங்க, நான் டேங்க் முன்னாடி உக்காந்து சொம்புல மொண்டு மொண்டு ஊத்திட்டு இருந்தேன், காத்து கலக்கட்டும்னு. ரெண்டு நாள் ராத்திரி பகலா ஊத்துனேன். மூணாவது நாள் தூங்கிட்டேன். எழுந்து பாத்தா முடிஞ்சிது. எங்க தெருவுக்கு கரண்ட் வந்தது அதுக்கப்புறம் பல நாள் கழிச்சி. அவ்ளோ பெரிய புயல்ல மரமும் கூரையும் போன சனங்க மத்தில மீன் செத்துப்போச்சின்னு யார்கிட்ட போய் சொல்றது. ஏழு வருஷம் டேங்க் பக்கமே போவல.

அதனால சொல்றேன், சூட்டுல சாவறத விட மூச்சு முட்டி சாவறது தான் மொதல்ல நடக்கும். தண்ணி சூடா இருந்தா ஆக்சிஜன் கம்மியா தான் புடிக்கும், அதுல பம்பும் நின்னுட்டா ராத்திரில சில மணி நேரம் தான். 30 டிகிரில உன் மீன் சாவாது. சில்லர் பணத்துல பத்துல ஒரு பங்கு செலவு பண்ணி, கரண்ட் போனா தானா ஓடற பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு வாங்கு. வேவ்மேக்கர் டிசி மோட்டார்னா ஒரு 12 வோல்ட் பேட்டரில ஒன்ன மட்டும் கோத்து வை, கொறைச்ச ஸ்பீடுல ஒரு நாளைக்கு மேல தாங்கும். வூட்டு இன்வெர்ட்டர்ல ஸ்கிம்மர மாட்டாத, சில இன்வெர்ட்டர்ல அந்த மோட்டார் கொர்ருன்னு சூடாவும்.

சில்லர் வாங்கறது தப்பு இல்ல. ஆனா அது டேங்க்ல இருக்கற சூட்ட எடுத்து ஹால்ல தான் கக்கும், ஹால் அனலா இருந்தா அதே சூடு திரும்ப தண்ணிக்கு. ஃபேன நம்பறதுக்கும் ஒரு அளவு இருக்கு. மேக்காத்து வறட்சியா அடிக்கற நாள்ல ஃபேன் ரெண்டு மூணு டிகிரி எறக்கும். சாயங்காலம் கடக்காத்து வந்து ஒடம்பெல்லாம் பிசுபிசுக்குது பாரு, அப்ப தண்ணி ஆவியாவாது, ஃபேன் சும்மா சுத்தும். உன் 30.1 சாயங்காலம் வர்றது அதனால தான். மூடிய எடுத்துட்டு வலை போடு, லைட் ஓடற நேரத்த மத்தியானத்துலேந்து ராத்திரிக்கு தள்ளு, 29க்கு வந்துடும். காசே இல்லாம.

மஞ்சக்குப்பம்_ரீஃப் | மே 12, இரவு 10:25

மேடம். உக்காந்துட்டு படிங்க. உப்ப அளந்து கரைசல் செஞ்சி (வூட்டம்மா தராசு, திட்டு தனி) மீட்டர்ல வெச்சி பாத்தேன். 35 காட்ட வேண்டியது 31 காட்டுது. நம்பாம ஃப்ரெண்டுகிட்ட கேலிப்ரேஷன் பாட்டில் வாங்கி பாத்தேன், அதுவும் 31. அப்டின்னா நான் 35ன்னு நெனைச்சது 39!! எவ்ளோ நாளா இப்டின்னே தெரியல, ஒரு வேள ஏப்ரல்ல மீட்டர் கீழ வுழுந்துச்சே அப்பலேந்தா இருக்கும். இப்ப உடனே எறக்கிடவா?

குப்பி_குடுவை | மே 12, இரவு 10:50

உடனேன்னா உடனே இல்ல. இத்தன நாளா மெதுவா ஏறுன உப்ப ஒரே ராத்திரில எறக்குனா அதுங்களுக்கு அடி. கணக்கு போடு: 160 லிட்டர்ல 39லேந்து 35க்கு வரணும்னா மொத்தம் 16 லிட்டர் சொச்சம் உப்பு தண்ணிய எடுத்துட்டு அதே அளவு வெறும் ஆர்ஓ தண்ணி ஊத்தணும். தெனம் ரெண்டரை லிட்டர் வீதம் ஒரு வாரம். தண்ணி மாத்தாதன்னு சொன்னேனே, அது புது உப்பு தண்ணிக்கு, இது வேற. ஆல்க்கும் அதோடயே கொஞ்சம் எறங்கும், 11 வந்ததுக்கு பாதி காரணம் ரீஃப் உப்பு, மீதி நீ கெட்டியா கரைச்சது. ஹார்ட் பவளம் இல்லாத டேங்க்ல ஆல்க் சாப்புட ஆளே இல்ல, உனக்கு பழைய சாதா உப்பே சரி. கடைக்காரர் முன்னாடி வெக்கப்பட்டியே, அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல.

அப்புறம் அந்த மக்கு. ஃபேன் ஓடுற டேங்க்ல இந்த வெயிலுக்கு நாளைக்கு நாலு லிட்டர் போவும். ரெண்டு நாள் விட்டா எட்டு லிட்டர். உப்பு போவாது, தண்ணி மட்டும் தான் போவும், அப்ப 35 இருந்தது 36.8 ஆவும், நீ மக்குல ஊத்துன அஞ்சு நிமிஷத்துல திரும்ப 35. ஜோவா மூடிக்கறதுக்கு வேற காரணமே தேவையில்ல, வாரத்துக்கு மூணு தடவ கடல் மாறுது அதுக்கு. காசு செலவு பண்ணியே ஆவணும்னு கை அரிச்சா ஆட்டோ டாப்-அப் வாங்கு, ஆவியான தண்ணிய அப்பப்ப தானா ஊத்தற சின்ன பம்ப்பும் சென்சாரும். சில்லரும் இல்ல சம்ப்பும் இல்ல, இது தான். சென்சார்ல நத்தை ஏறி உக்காரும், மாசத்துக்கு ஒருக்கா தொடைக்கணும். பக்கத்துல வெக்கற பக்கெட் 10 லிட்டருக்கு மேல வேணாம், சென்சார் கெட்டு மொத்தமும் கொட்டுனா கூட தாங்கற அளவா இருக்கட்டும்.

கேன் தண்ணி டிடிஎஸ் எவ்ளோன்னு ஒரு பேனா மீட்டர் வாங்கி பாரு.

மஞ்சக்குப்பம்_ரீஃப் | மே 13, காலை 7:40

பாத்தேன். ஒரு கேன் 38, இன்னொரு கேன் 112. ரெண்டும் ஒரே ஆளு போடறது.

பழைய_துறைமுகம் | மே 13, காலை 9:05

ஹாஹா. கேன் தண்ணி அப்டி தான் தம்பி, மெம்பரேன் மாத்துன வாரம் ஒன்னு, மாத்தாத மாசம் ஒன்னு. குடிக்கறதுக்கு ஓகே. நம்ம கடலோர போர் தண்ணி ஏற்கனவே கனம், அதுல ஆவியாப்போறதுக்கு பதிலா தெனம் ஊத்திட்டே இருந்தா அதுல இருக்கற சிலிக்கேட்டு மண்ணாங்கட்டி எல்லாம் டேங்க்லயே தங்கிடும், அது எங்கயும் போவாது. வூட்ல ஆர்ஓ மெஷின் இருந்தா அதோட வாய்ல ஒரு டிஐ ரெசின் குழாய் (மீதி உப்பையும் புடிச்சிக்கற மணி போட்டது) மாட்டிக்க, ஜீரோ வரும். மழை தண்ணி புடிக்கலாமான்னு அடுத்து யாராவது கேப்பீங்க, மாடில தார் பூச்சு, புறா எச்சம், வேணாம்.

சுண்டக்கா_டேங்க் | மே 13, மாலை 6:30

நான் அத தான் கேக்க வந்தேன் 😅 சரி வேற கேக்கறேன். வெளிநாட்டு ஆளுங்க கால்க்வாசர்னு ஒன்னு ஊத்தறாங்களே, கால்சியம் ஹைட்ராக்சைடு, அது நம்ம வெத்தல சுண்ணாம்பு தான? எங்க ஆயாகிட்ட டப்பா டப்பாவா இருக்கு.

குப்பி_குடுவை | மே 13, இரவு 8:15

பேரளவுல அதே சரக்கு தான், கிளிஞ்சல சுட்டு நீத்துனா வர்றது. பரங்கிப்பேட்டை பக்கம் கிளிஞ்சல் பொறுக்கறத நீயே பாத்திருப்ப. ஆனா ஆயா டப்பால சுண்ணாம்பு மட்டும் தான் இருக்குன்னு யாரு சொன்னா, வாசனை போடறாங்க, கலர் போடறாங்க, என்ன கல்லு சுட்டாங்கன்னு தெரியாது. உணவு தர கால்சியம் ஹைட்ராக்சைடுன்னு லேபிள் போட்டு கெமிக்கல் கடைல கெடைக்கும், விலையும் கம்மி தான். அதுவும் உனக்கு எதுக்கு? 40 லிட்டர், ஜோவா மட்டும். தெளிஞ்ச சுண்ணாம்பு தண்ணி பிஹெச் 12க்கு மேல. ஒரு டம்ளர் கை தவறி வுழுந்தா உன் டேங்க்கே சூப் தான். ஹார்ட் பவளம் நெறைய வெச்சி தெனம் கால்சியம் கொறையறவங்க ராத்திரில சொட்டு சொட்டா விடறது அது. நீ ஆயாவுக்கு வெத்தல மடிச்சி குடு.

வீராம்பட்டினம்_வலை | மே 14, காலை 10:12

டைனோ பத்தி ஒன்னு சேக்கறேன். மூணு நாள் முழு இருட்டு போட்டா சளி சட்டுனு கொறையும், டேங்க்க போர்வைல சுத்தி வெச்சிடணும், மீன் தாங்கும், சாஃப்ட் பவளமும் தாங்கும். ஆனா இருட்டு மட்டும் போட்டுட்டு நைட்ரேட் ஏத்தலன்னா நாலாவது நாள் திரும்ப வரும், நான் மூணு தடவ அப்டி பண்ணி மூணு தடவையும் ஏமாந்தேன். இருட்டு போடற நாள்ல ஏர் ஸ்டோன் கட்டாயம்.

லைட்டும் பாருங்க. புது எல்இடிய எத்தன சதவீதத்துல வெச்சிருக்கீங்க? நான் மொத நாளே 80ல வெச்சி மஷ்ரூம் எல்லாம் வெளுத்து பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. 30ல ஆரம்பிச்சி வாரத்துக்கு கொஞ்சம் ஏத்தி ஒரு மாசத்துல வரணும். சாஃப்ட் டேங்க்குக்கு 80 எல்லாம் எப்பவுமே வேணாம்.

இன்னொன்னு, க்ளீனர் இறால் வெச்சிருக்கீங்க. தெருவுல கொசு புகை போடற வண்டி சத்தம் கேட்டா மொதல்ல ஜன்னல சாத்திட்டு ஏர் பம்ப நிறுத்துங்க. அது வெளி காத்த தான் உள்ள ஊதுது. அந்த மருந்து மீனுக்கும் ஆபத்து தான், இறாலும் நண்டும் சட்டுனு கவுந்துடும். எனக்கு நடந்துச்சு, காலைல பாத்தா இறால் சட்டை மாத்துன மாதிரி கெடக்கு, தொட்டு பாத்தா சட்டை இல்ல இறாலே தான்.

மஞ்சக்குப்பம்_ரீஃப் | ஜூன் 21, இரவு 9:45

ஆறு வாரம் கழிச்சி வர்றேன். யாரும் திட்டாதீங்க, மேடம் சொன்னபடி "கம்முனு இரு" விரதத்துல இருந்தேன். லைட் 75ல இருந்துச்சு, 35க்கு எறக்கிட்டேன். ஒரு பழைய டைரி எடுத்து என்னிக்கி என்ன தொட்டேன்னு எழுதறேன், ஒரு நேரத்துல ஒன்னு தான், நடுவுல ரெண்டு வாரம். கை சும்மா இருக்காது, அப்பப்ப கண்ணாடி மட்டும் தொடைச்சிக்கிட்டேன்.

உப்பு எட்டு நாள்ல 35க்கு வந்துச்சு. டாப்-அப் வாங்கி மாட்டிட்டேன், டிஐ குழாயும். சில்லர் வாங்கல, மீதி காசுல ரூம் ஃபேன் மாத்தியாச்சு, அதனால வூட்ல இப்ப டேங்க்குக்கு மதிப்பு கூடியிருக்கு. பேட்டரி ஏர் பம்ப் வாங்குன மறுநாளே நாலு மணி நேரம் கரண்ட் போச்சு, அண்ணே உங்கள தான் நெனைச்சிக்கிட்டேன். லைட்ட சாயங்காலத்துக்கு தள்ளுனதும் மூடி எடுத்ததும் சேத்து 29.2 தான் உச்சம்.

மைக்ரோஸ்கோப் மச்சான் காலேஜ்ல பாத்தோம். புளியங்கொட்ட மாதிரி இல்ல, அவல் மாதிரி தட்டையா மெதுவா நகந்துச்சு, மணல்லயே தான் கெடந்துச்சு, அதனால யூவி வாங்கல. நைட்ரேட் இப்ப 6, பாஸ்பேட் 0.07. சளி மூணாவது வாரம் தான் கொறைய ஆரம்பிச்சிது, நடுவுல ஒரு நாள் இன்னும் ஜாஸ்தி ஆனப்ப எல்லாத்தயும் தூக்கி போட்டுடலாம்னு தோணுச்சு, போடல. இப்ப ஒரு மூலைல கை அகலத்துக்கு மட்டும் இருக்கு. பின் கண்ணாடில பச்சை பாசி திரும்ப வந்திருக்கு, அத பாத்து சந்தோஷப்படுவேன்னு நானே நெனைக்கல, நத்தை மேயட்டும்.

ஜோவா கரைஞ்சது போச்சு. மத்த மூணும் தெறந்திருக்கு, ஒன்னுல புதுசா ரெண்டு தலை. லெதர் மே 17 தோல உரிச்சிது, அம்மா தான் மொதல்ல பாத்துட்டு "டேய் காளான் அழுவுதுடா"ன்னு கூப்புட்டாங்க, தோல் துண்டு துண்டா தண்ணில போயிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் முன்ன இருந்தத விட பெருசா விரியுது.

ஜிஎஃப்ஓ ரியாக்டர் மூணு மாசம் கூட ஓடல, பெட்டியோட இருக்கு. யாருக்காவது வேணும்னா பாதி விலைக்கு தர்றேன், கடலூர்ல நேர்ல வந்து எடுத்துக்கலாம்.

சுண்டக்கா_டேங்க் | ஜூன் 21, இரவு 9:51

ப்ரோ எனக்கு வேணும்!! ஞாயித்துக்கிழம வரவா?

குப்பி_குடுவை | ஜூன் 21, இரவு 10:03

சுண்டக்கா, பாஸ்பேட் எவ்ளோ உனக்கு?

சுண்டக்கா_டேங்க் | ஜூன் 21, இரவு 10:04

டெஸ்ட் கிட் இன்னும் வாங்கல மிஸ்